ஐராவதியில் எந்தப் படகு? தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் பர்மாவுக்கு வரத் திட்டம் போட்டால் ரங்கூனில் இருக்கும் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐராவதியில கப்பல்ல போகணும், எதுல போனா நல்லது?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் வீட்டுத் தாத்தாவோ பூட்டனோ இந்த ஆற்றங்கரை ஊர் ஏதாவது ஒன்றில் நெல் மில்லிலோ செட்டியார் கடையிலோ வேலை பார்த்திருப்பார். ஊர்ப் பெயர் பாதி மறந்திருக்கும், ஆற்றின் பெயர் மட்டும் வீட்டில் தங்கியிருக்கும். வருகிற கூட்டத்தில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் இருப்பார், ஓடியாடும் பிள்ளை ஒன்றும் இருக்கும். இப்படிப்பட்ட குடும்பத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தனியாக முதுகுப்பையோடு வருபவருக்குக் கணக்கு வேறு.

பயணக் கம்பெனிகளின் விளம்பரத்தில் அறையும் விலையும்தான் பெரிதாக இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எந்த மாதம், ஆற்றோடு போவதா எதிர்த்துப் போவதா, ஆற்றின் எந்தப் பகுதி என்ற மூன்றையும் முதலில் தீர்மானியுங்கள். படகு அப்புறம் தானாக அமையும்.

அதற்கும் முன்னால் பாதுகாப்பு. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நாட்டில் சண்டை நடக்கிறது. சகாயிங், மக்வே பகுதிகள் ஆற்றை ஒட்டியே இருப்பதால் அங்கே நடப்பது படகையும் பாதிக்கும். போன மாதம் ஓடிய படகு இந்த மாதம் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். பிறகு மாண்டலேயில் குடியிருக்கும் ஒருவரிடம் அந்த வாரத்து நிலவரத்தைக் கேளுங்கள். 'பார்த்துப் போங்க' என்று அவர் இழுத்தால் போக வேண்டாம் என்று அர்த்தம். கீழே நான் சொல்வதெல்லாம் ஆறு அமைதியாக இருந்து படகும் ஓடினால்தான் பொருந்தும்.

இப்போது ஆறு. வடக்கே கச்சின் மாநிலத்தில் மாலி, ன்மாய் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஐராவதி பிறக்கிறது. அங்கிருந்து சுமார் 2,170 கிலோமீட்டர் ஓடி, டெல்டாவில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. பாமோ, கத்தா, மாண்டலே, பகான், மக்வே, பியே எல்லாம் இதன் கரையில்தான். ரங்கூன் இதன் கரையில் இல்லை. ரங்கூனின் பன்சொடான் படகுத்துறையில் நின்று 'ஐராவதி பார்த்துட்டோம்' என்று படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் பார்ப்பது ரங்கூன் ஆறு. இரண்டையும் இணைப்பது துவாண்டே கால்வாய்.

மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணம் இனிப்பதும் கசப்பதும் இதில்தான் இருக்கிறது. மாண்டலேயில் வெள்ளக்கால நீர்மட்டத்துக்கும் கோடைக்கால நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரம். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழையும் வெள்ளமும். அப்போது கரை தூரத்தில் ஒரு கோடாகத்தான் தெரியும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நீர் வற்றி மணல்திட்டுகள் எழும்பிவிடும், பெரிய கப்பல்கள் தட்டி நிற்கும். வெயிலும் மண்டையைப் பிளக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரைதான் நம்மவர்களுக்கு ஏற்ற காலம்.

அந்த மூன்று மாதத்துக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. நீர் இறங்க இறங்கக் கரை உயர்ந்துகொண்டே போகும். நவம்பரில் படகிலிருந்து சில படிகள் ஏறினால் ஊர். ஜனவரி பிற்பாதியில் அதே ஊரில் மணலில் நடந்து, மண்சரிவில் வெட்டிய படிகளில் ஏறித்தான் மேலே வர வேண்டும். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பலகையைத்தான் போடுவார்கள். பிடித்துக்கொள்ள இரண்டு பையன்கள் ஆளுக்கொரு மூங்கிலை இரு பக்கமும் தூக்கிப் பிடிப்பார்கள், அதுதான் கைப்பிடி. மூட்டுவலி உள்ள என் அத்தை ஒருமுறை பலகையைப் பார்த்ததும், "ஏம்ப்பா, இதுல ஏறி நான் எங்க போறது?" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவர்கள் உண்டென்றால் நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கம். பிள்ளைகள் மட்டும் என்றால் ஜனவரியும் நல்லது. நீர் விலகிய மணல்திட்டுகளில் குடிசை போட்டு நிலக்கடலையும் பயறும் வெங்காயமும் பயிர் செய்கிறார்கள், மழைக்கு முன்னால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாழ்க்கையைப் பக்கத்தில் பார்க்கலாம்.

திசை விஷயம் எளிது. ஆற்றோடு கீழே வாருங்கள். மாண்டலேயிலிருந்து பகானுக்குப் பகல் படகு விடிகாலையில் புறப்பட்டால் மாலைக்குள் வந்துவிடும். பகானிலிருந்து எதிர்த்துப் போனால் நேரம் கூடும், நீர் குறைந்த காலத்தில் இருட்டிவிடும். ரங்கூனிலிருந்து ரயிலோ விமானமோ எதுவாக இருந்தாலும் முதலில் மாண்டலேக்குப் போய்விடுங்கள்.

சரி, படகுகளுக்கு வருவோம்.

சொகுசுக் கப்பல்களை முதலில் சொல்கிறேன், ஆசை அதில்தான் தொடங்குகிறது. அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு பழைய கம்பெனி இருக்கிறது. 1865இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி 1920களில் 600க்கும் அதிகமான கலங்களை ஓட்டியது. ஆண்டுக்கு சுமார் 90 லட்சம் பேர் அவற்றில் பயணம் செய்தார்கள். 1942இல் ஜப்பானியர் நெருங்கியபோது எதிரி கையில் கிடைக்கக்கூடாது என்று தங்கள் ஸ்டீமர்களைத் தாங்களே ஆற்றில் மூழ்கடித்தார்கள். 1990களில் பாண்டா என்ற கம்பெனி அந்த ஸ்டீமர்களின் அமைப்பைப் பின்பற்றித் தேக்குத் தளமும் அகலத் தாழ்வாரமுமாகப் பயணக் கப்பல் விட்டது. ரைன் நதியில் ஓடிக்கொண்டிருந்த கப்பல் ஒன்று 1996இல் 'ரோட் டு மாண்டலே' என்ற பெயரில் இங்கே வந்தது. 2008 நர்கீஸ் புயலில் அடிபட்டு, பழுதுபார்த்துத் திரும்ப ஓடியது. கொரோனாவும் 2021உம் இந்தத் தொழிலை முடக்கிப்போட்டன. எந்தக் கப்பல் எந்தப் பருவத்தில் ஓடுகிறது என்பதைக் கம்பெனியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் நல்லது எது? அறை, கழிப்பறை, படுக்கை, மருத்துவ உதவி கேட்க ஓர் ஆள். இரவில் கப்பல் ஓடாது, கரையோரம் கட்டிவிடுவார்கள், நிம்மதியாகத் தூங்கலாம். வழியில் ஊர்களில் நிறுத்திக் கூட்டிப்போவார்கள். பெரியவருக்கு ஆற்றிலேயே இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் இதைவிட்டால் வேறு வழி இல்லை. ஆனால் ஓர் ஆளுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் பயணங்கள் இவை. ஆறு பேர் குடும்பம் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதோடு சாப்பாட்டு நேரம், கரைக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் மணியடித்து நடக்கும். பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். கரையில் இறங்கினால் கூட்டமாகப் போய்க் கூட்டமாக வர வேண்டும். தாத்தா இருந்த ஊரைத் தேடுகிறவருக்கு அந்த அவசரம் பொருந்தாது.

நான் முதலிடம் கொடுப்பது மாண்டலே - பகான் பகல் படகுக்கு. இரண்டு தளம், மேலே வெயில் படாத இடத்தில் நாற்காலிகள், கீழே சின்ன கடை, இதுதான் அதன் அமைப்பு. பகல் முழுக்க ஆறு உங்களுடையது. விடிகாலைப் பனி கலையும்போதே வலது கரையில் சகாயிங் குன்று வரும், அதன்மேல் வெள்ளையும் பொன்னுமாகப் பகோடாக்கள். 1934இல் கட்டிய ஆவா பாலம் அங்கேதான் இருந்தது. 1942இல் பின்வாங்கிய ஆங்கிலேயர் அதை உடைத்தார்கள், 1954இல் மறுபடி கட்டினார்கள், 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் ஆற்றுக்குள் விழுந்தது. எத்தனையோ உயிர்களை வாரிக்கொண்டு போன நிலநடுக்கம் அது. அந்த இடத்தைக் கடக்கும்போது படகில் பேச்சு தானாக நின்றுவிடுகிறது.

அப்புறம் படகின் முன்னால் போய் உட்காருங்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த நீண்ட மூங்கில் கழியோடு ஒருவர் நிற்பார். மணல்திட்டு வரும் இடத்தில் கழியை நீரில் குத்தி எடுத்து, நனைந்த பட்டையைப் பார்த்து, ஆழத்தை ராகம் போட்டு மாலுமிக்குச் சொல்வார். மாலுமி அதற்கேற்ப இடமும் வலமுமாக ஒடிப்பார். ஆற்றின் தடம் ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறுகிறது. போன வருஷத்து வழி இந்த வருஷம் மணலாக இருக்கும். அதனால்தான் இன்னும் அந்தக் கழி இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பத்து மணி நேரமும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

வழியில் யாண்டபோ என்ற ஊர் வரும். இன்று மண்பானை செய்யும் சின்ன கிராமம். 1826 பிப்ரவரி 24 அன்று முதல் ஆங்கில - பர்மியப் போரை முடித்த ஒப்பந்தம் இங்கேதான் கையெழுத்தானது. அந்தப் போரில் ஆற்றின்வழியே மேலேறி வந்த படையில் சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள் ஏராளம். தமிழரும் தெலுங்கருமாகக் கடல் கடந்து வந்து, காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் மடிந்தவர்கள் பலர். செட்டியார்களுக்கும் மில் கூலிகளுக்கும் முன்பே நம் ஆட்கள் இந்த ஆற்றைப் பார்த்துவிட்டார்கள். பகல் படகு யாண்டபோவில் நிற்பதில்லை, கரையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். அறுபது ஆண்டு கழித்து, 1885 நவம்பரில், கடைசி அரசர் தீபாவை மாண்டலேயில் ஸ்டீமரில் ஏற்றி இதே வழியாகத்தான் கீழே கொண்டுபோனார்கள். ரங்கூனிலிருந்து அவரை முதலில் கொண்டுவந்து வைத்தது சென்னையில். ரத்தினகிரிக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

இந்தப் படகு உங்களை இறக்கிவிடும் இடம் பகான் என்பதே எனக்குப் போதுமான காரணம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இங்கே கிடைத்தது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் என்னும் பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, திருக்கதவு இட்டு, விளக்கும் வைத்ததை அது சொல்கிறது. மேலே வடமொழிச் சுலோகம், கீழே தமிழ். வணிகர்கள் கூடிக் கும்பிட்ட கோயில் என்று பெயரே காட்டிக்கொடுக்கிறது. பழைய மதிலுக்குள் நாட்லாவுங் என்ற விஷ்ணு கோயில் இன்றும் நிற்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பௌத்தக் கோயில்களுக்கு நடுவில் அதைத் தேடிப் போங்கள். உள்ளே நின்றால் எழுநூறு ஆண்டுக்கு முன் கடலும் ஆறும் கடந்து வந்த ஒருவர் விளக்கேற்ற ஏற்பாடு செய்தது கதையாகத் தோன்றாது.

பகல் படகின் குறை நேரம்தான். பத்து மணி நேரத்துக்கு மேல் நாற்காலி, கழிப்பறை சின்னது, கடைசியில் பகானை ஒட்டிய ஞௌங்-ஊ துறையில் கரையேற்றம். அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை, குடும்பத்தைப் பிரிப்பது. நடக்க முடியாதவர்களோடு ஒருவர் துணையாக வேனில் போகட்டும், சாலைவழி நாலைந்து மணி நேரத்தில் பகானில் அறைக்குப் போய்ப் படுத்துவிடலாம். மற்றவர்கள் படகில் வரட்டும். மறுநாள் மாலை பகான் கரையிலிருந்து சின்னப் படகை ஒரு மணி நேரத்துக்கு எடுத்தால் பெரியவரையும் ஆற்றில் கூட்டிப்போன மாதிரி ஆகிவிடும். 1975 நிலநடுக்கத்தில் ஆற்றில் சரிந்து, திரும்பக் கட்டப்பட்ட பூபயா பகோடாவை நீரிலிருந்து பார்ப்பது நல்ல காட்சி.

அரசாங்கப் படகு என்று ஒன்று இருந்தது, காலம் தாழ்த்தி ஊர் ஊராக நின்று போகும். மூட்டை, கோழி, பானை, வாழைத்தார் எல்லாம் ஏறும். உள்ளூர் வாழ்க்கையைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தரையில் பாய் விரித்து உட்கார வேண்டும், எப்போது போய்ச் சேரும் என்பது ஆற்றின் கையில். பெரியவர்களோடு வேண்டவே வேண்டாம். இருபது வயதுப் பிள்ளைகள் போகட்டும், அதுவும் ஓடினால்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால் மாண்டலேயிலிருந்து மிங்குன். ஆற்றை எதிர்த்து ஒரு மணி நேரம், திரும்பும்போது அதைவிடக் குறைவு. போதோபயா மன்னர் 1790இல் தொடங்கி முடிக்காமல் விட்ட செங்கல் மலையும், சுமார் 90 டன் எடையுள்ள மணியும் அங்கே. 2025 நிலநடுக்கத்தின் மையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் என்பதால் எதெது திறந்திருக்கிறது என்று துறையிலேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது நல்ல ஒத்திகை. அன்று தலைசுற்றல், வாந்தி என்று யாராவது சொன்னால் மறுநாள் பகல் படகில் யார் ஏறுவது என்பது தெரிந்துவிடும்.

மேல்நதியைப் பற்றி ஆசையாகக் கேட்பார்கள். பாமோவுக்குக் கீழே ஆறு ஒடுங்கி, செங்குத்துச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஓடும் இடம் பர்மாவிலேயே அழகான இடங்களில் ஒன்று. மிங்குனுக்கு மேலே 2005இல் ஓங்கில்களுக்காக (டால்பின்கள்) 74 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதுகாப்புப் பகுதி அறிவித்தார்கள். அங்கே மீனவர்கள் ஒரு குச்சியால் படகின் ஓரத்தைத் தட்டிக் கூப்பிட, ஓங்கில்கள் மீன்கூட்டத்தை வலைப் பக்கம் விரட்டி, வால் அசைவால் 'இப்போது வீசு' என்று காட்டும். தப்பித்துச் சிதறும் மீன் அவற்றுக்கு. இதைப் பார்க்காமல் இருப்பதில் எனக்கே வருத்தம்தான். ஆனாலும் இப்போது யாரையும் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். பாமோவில் 2024 டிசம்பரில் பெரும் சண்டை தொடங்கியது, கத்தா பக்கமும் நிலவரம் சரியில்லை. 'எல்லாம் ஓகே, பார்த்துக்கலாம்' என்று எந்த ஏஜெண்ட் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக டெல்டா. விளம்பரத்தில் வராத பகுதி, ஆனால் நம் குடும்பக் கதைகள் பெரும்பாலும் நடந்தது இங்கேதான். மௌபின், பியாபோன், போகலே, ஹின்தடா என்று பாட்டி சொன்ன பெயர்கள் காதில் விழுந்தால் உங்கள் ஆறு பகானில் இல்லை, இங்கே இருக்கிறது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13இல், 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் 6 சதவீதம். விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் நிலம் கைமாறி, 1930களின் இறுதியில் அது 25 சதவீதமானது. நம்மவர்களுக்கு எதிரான கோபம் வளர்ந்ததற்கும் அதுவே ஒரு காரணம். அதைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு இந்த ஊர்களைக் காட்டுவது முறையில்லை.

செலவும் கம்மி. பன்சொடான் துறையிலிருந்து ஜப்பான் கொடுத்த பெரிய படகில் பத்து நிமிஷத்தில் எதிர்க்கரையில் இருக்கும் தலா என்ற ஊர். அங்கிருந்து கார் வைத்துத் துவாண்டே போய், கால்வாயில் வாடகைப் படகு பிடிக்கலாம். 1880களில் வெட்டிய 35 கிலோமீட்டர் கால்வாய், இரு பக்கமும் வயலும் நிப்பா என்ற பனை ஓலைக் கூரை வீடுகளும். காலையில் போய் மாலை வீடு திரும்பலாம். கோயில், குன்று, அரண்மனை என்று கண்ணைக் கவர எதுவும் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். டெல்டாவின் உள்ளே தூரமாகப் போக வேண்டுமென்றால் அனுமதி, நிலவரம் இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வருபவர்களுக்கு நான் போடும் திட்டம் இதுதான். நவம்பர் கடைசி. மாண்டலேயில் இரண்டு இரவு, நடுவில் மிங்குன். அப்புறம் குடும்பத்தைப் பிரித்துப் பகல் படகும் வேனும். பகானில் இரண்டு நாள். திரும்பி ரங்கூனில் ஒரு நாள் டெல்டா. வடக்கே போக வழியில்லாத வாரமாக இருந்தால் டெல்டாவோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச நாளை ரங்கூனில் காளியம்மன் கோயிலிலும் ஷ்வேடகோன் பகோடாவிலும் கழிக்கலாம். பணம் பொருட்டில்லை, பெரியவருக்கு ஆறுதான் வேண்டும் என்றால் மட்டும் சொகுசுக் கப்பல், அதிலும் இருப்பதில் குறைந்த இரவுகள் உள்ளதாகப் பாருங்கள்.

சாப்பாடு ஒரு விஷயம். படகில் கிடைக்கும் கறி, கீரை, சாலட் எதிலும் நாப்பியோ (புளிக்கவைத்த மீன் விழுது) காய்ந்த இறால் பொடியோ இருக்கும். 'தெத்தத்லு' என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனாலும் சுத்த சைவக்காரர்கள் புளிச்சோறும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு போவது உத்தமம். விடிகாலையில் ஆற்றுக்காற்று நன்றாகக் குளிரும், பெரியவர்களுக்குக் கம்பளி, குல்லாய். மதியம் அதே தளத்தில் வெயில் சுடும். முன்பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் மூன்று கேள்வி கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் துறையிலிருந்து புறப்படும், நீர் குறைந்து வழியில் நின்றால் மீதி தூரத்துக்கு யார் வண்டி வைப்பார்கள், படகு ஓடாவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அடுத்த ஏஜெண்டைப் பாருங்கள்.